மீன்கொத்தி உட்கார்ந்த வலைக்கம்பு

இன்று காலை ஒட்டுசுட்டான் பக்கத்துக் குளமொன்றில் ஒரு மீன்கொத்தியைப் படமெடுக்கக் காத்திருந்தேன்.

அது விடாமல் உட்கார்ந்திருந்தது வலை கட்டிய கம்பில். கம்பின் நுனியில் அடையாளத்துக்குக் கட்டிய சிவப்புச் சட்டைத்துணி. எனக்கு வேண்டியதோ பக்கத்தில் நின்ற பட்டமரமும் தண்ணீரும்தான்.

வலைக்காரர் வள்ளத்தில் வந்தார்.

“அண்ணை, அந்தக் கம்பைக் கொஞ்ச நேரம் பிடுங்கி வைப்பீங்களோ? குருவி மரத்துக்கு வரும்.”

சிரித்துக்கொண்டே பிடுங்கினார். பறவை பறந்தது. மரத்துக்கு வரவேயில்லை.

“அது மரம் பாக்க வாறேல்லை, தங்கச்சி. வலையடியிலை நிக்கிற மீனுக்குத்தான் வாறது.”

கம்பைத் திரும்ப ஊன்றினார். சற்று நேரத்தில் பறவையும் வந்தது. இந்த முறை துணியோடேயே எடுத்தேன்.

கரைக்கு வந்து கமராவில் படத்தைப் பார்த்தவரின் முகம் சுருங்கியது.

“குருவி வடிவுதான். என்ரை கம்பு சரிஞ்செல்லோ நிக்குது! இதைப் போட்டா சனம் சிரிக்கும். பொறுங்கோ, நேராக்கிவிடுறன்.”

நான் தடுப்பதற்குள் வள்ளம் புறப்பட்டது. பறவையும்தான்.

ஆகவே இங்கே பதிவிட என்னிடம் இருப்பது இந்த ஒரு படம். கம்பு அவ்வளவு சரிவாகவா தெரிகிறது? யோசித்துச் சொல்லுங்கள், பதில்களை நாளை அவரிடம் காட்ட வேண்டும்.