சூடம் இல்லாத வேண்டுதல்

உலகச் சண்டைக் காலம். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து பஸ்களெல்லாம் கரியில் ஓடின. ஓர் ஐப்பசி மாதம், உச்சி சாய்ந்த நேரம், துறையூரிலிருந்து நாமக்கல் போகும் பஸ்ஸில் நானும் என் மனைவியும் வந்துகொண்டிருந்தோம். மடியில் எங்கள் பெண் குழந்தை. அதற்கு இரண்டு வயது இருக்கும். மச்சினிச்சி வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்புகிறோம்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கரி பஸ் என்றால் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் உலை இருக்கும். கண்டக்டர் அதில் கரியைக் கொட்டி, நெருப்புப் போட்டு, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ஊதுவார். கரி கனன்று கிளம்பும் காற்று ஒரு தகரக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் போய் முன்னால் இருக்கிற என்ஜினைச் சேரும், பெட்ரோலுக்குப் பதில் அதுதான். பஸ் மெதுவாகத்தான் போகும். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் சேலம் ஜில்லாவில் அப்போது மதுவிலக்கு. கள்ளுக்கடை மூடி வருஷங்கள் ஆகியிருந்தன. குடித்துப் பிடிபட்டால் ஜெயில். துறையூர் அடுத்த ஜில்லா. அங்கே கடை திறந்திருந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே போவார்கள், குடித்துவிட்டு பஸ் ஏறுவார்கள். அதனால் துறையூர் பஸ்ஸில் ஒருவன் விக்கினால்கூட, குடித்திருக்கிறான் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

அன்று தூறல். பஸ்ஸின் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிக் கட்டியிருந்தார்கள். டிரைவருக்கு நேர் பின்னால் பெண்கள் சீட். அதில் என் மனைவியும் குழந்தையும் மட்டும். அதற்குப் பின் சீட்டில் நான். ஏறும் வாசலை ஒட்டி முன்னால் ஒருவர் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு தூங்கினார். வாசலுக்கு மட்டும் படுதா இல்லை, அவர் மேல் சாரல் அடித்தது. அவர் அசையவில்லை.

எருமப்பட்டி வரும்போது பஸ் ஒரு ஆட்டு மந்தையை உரசிக்கொண்டு போனது. மேய்க்கிறவர் கத்தினார். கொஞ்சம் தள்ளி, ரோட்டோரம் குவித்திருந்த ஜல்லிமேல் ஒரு சக்கரம் ஏறி இறங்கியது. அப்போதுதான் நான் டிரைவரைப் பார்த்தேன். நாற்பது வயது ஆள். தலை முன்னால் சரிகிறது. திடுக்கென்று நிமிர்கிறது. மறுபடி சரிகிறது. முகம் செக்கச் செவேலென்று இருந்தது. கண்டக்டர் ஏதோ கேட்டதற்கு அவர் சொன்ன பதில் குழறலாக வந்தது.

முன்பக்கத்திலிருந்து கள் வாசம் அடித்தது.

என் மனைவி திரும்பினாள். "ஏனுங்க, தலை வலிக்குதுங்க. இந்த வாசம் வேற."

"எறங்குனா சரியாப் போயிரும்" என்றேன்.

அந்த வாசம் பின்னால் இருந்தவர்களுக்கும் போயிருக்க வேண்டும். மளிகைக் கடைக்காரர் ஒருவர் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். "தொறையூர்ல ஊத்திக்கிட்டு ஏறியிருக்கறான். நம்மளக் கொண்டுபோயி ஏரியில எறக்கப் போறான்" என்று பல்லைக் கடித்தார். அவர் சொன்னாரே தவிர எழுந்திருக்கவில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை.

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. குடித்தவனிடம் குடித்திருக்கிறாய் என்று சொன்னால் ரோஷம் வந்து இன்னும் முறுக்குவான். குடிக்காதவனிடம் சொன்னால் அவன் பிழைப்பில் மண். கண்ணால் பார்த்ததுதான், கையால் தொட்டுத் தெரிந்துகொண்டது இல்லை. ஆனால் இன்னும் கொஞ்ச தூரத்தில் ஏரிக்கரை வந்துவிடும். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் பள்ளம். ரோடு அதன் மேலேதான் போகிறது. ஐப்பசியில் ஏரி நிறைந்து கிடந்தது.

நான் எழுந்து கண்டக்டரிடம் போனேன்.

"டிரைவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"அவருக்கென்னங்க? ராத்திரி தூக்கமில்ல, அவ்வளவுதான். உக்காருங்க."

"செத்த நேரம் நிறுத்தச் சொல்லுங்க."

"நிறுத்துனா உலை அமந்துருமுங்க. அப்பறம் கைப்பிடிய நீங்களா வந்து சுத்துவீங்க?"

பக்கத்தில் இருந்தவர்களோடு அவரும் சிரித்தார். நான் வெளியே பார்த்தேன். ஏரிக்கரை தொடங்கும் இடத்தில், வேப்பமரத்தடியில் ஒரு முனியப்பன் உண்டு. மண்ணால் செய்த பெரிய உருவம், மீசையும் அரிவாளுமாக. மரம் கண்ணில் பட்டது.

"முனியப்பனுக்குச் சூடம் காட்டோணுமுங்க. கொழந்தைக்கு வேண்டுதல்" என்றேன்.

அது எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் கண்டக்டர் சிரிப்பை நிறுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கத்தில் சாமி காரியம் என்றால் எந்த வண்டியும் நிற்கும். அதிலும் ரோட்டோர முனியப்பன். நிறுத்தாமல் போய் வழியில் ஏதாவது ஆனால் அந்தப் பேச்சு கண்டக்டரை விடாது.

அவர் மணிக் கயிற்றை இழுத்தார். பஸ் நிற்கவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். அப்புறம் ஓடிப்போய் டிரைவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "அண்ணா! முனியப்பங்கோயிலுண்ணா!"

டிரைவர் நிமிர்ந்தார். காலை அழுத்தினார். பஸ் கோயிலைத் தாண்டி, கரைமேல் கொஞ்ச தூரம் போய், கோணிக்கொண்டு நின்றது. முன் சக்கரம் ஒன்று ரோட்டை விட்டு இறங்கி, வெட்டிய பனையின் அடிக்கட்டையில் முட்டியிருந்தது. கட்டைக்கு அந்தப் பக்கம் தண்ணீர்.

எல்லோரும் தடதடவென்று இறங்கினோம். டிரைவரும் இறங்கப் பார்த்தார். கால் நிற்கவில்லை. மண்டியிட்டு விழுந்து வாந்தி எடுத்தார்.

அதோடு எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது. மளிகைக்காரர் தன் துண்டை உருவி டிரைவரின் கைகளைப் பின்னால் கட்டினார். யாரோ தலையில் ஒன்று வைத்தார்கள். யாரோ ஏரித் தண்ணீரை மொண்டு முகத்தில் அடித்தார்கள்.

"குடிக்கலீங்க" என்றார் டிரைவர். நாக்கு புரளவில்லை. "எம்புள்ளைக மேல சத்தியமா..."

"எந்தக் குடிகாரன்டா குடிச்சேன்னு சொன்னான்?" என்றார் மளிகைக்காரர். "நாமக்கல்லு டேசனுக்கு ஒரு ஆளு ஓடுங்க. போலீசு வரட்டும். உள்ள போனாத்தான் இவனுக்குப் புத்தி வரும்." பிறகு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, நீங்கதான மொதல்ல பாத்தீங்க? போலீசுக்கு நீங்கதான் சாட்சி."

அதே நேரம் கண்டக்டர் என்னிடம் வந்தார். "சூடம் எங்கீங்க?"

"இல்லீங்க."

"தேங்கா?"

"அதும் இல்லீங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். முகம் சுருங்கிப் போனது. டிரைவர் அவருக்குப் பல வருஷத்துக் கூட்டாளி.

சாட்சி சொல்வதா வேண்டாமா என்று எனக்குப் புரியவில்லை. நான் பார்த்தது உண்மை. வாசமும் உண்மை. சொன்னால் ஆள் ஜெயிலுக்குப் போவான். சொல்லாவிட்டால் நாளைக்கு வேறொரு பஸ்ஸை ஏரியில் விடுவான். மளிகைக்காரர் என்னைக் கல்லுப் பிள்ளையார் என்றார்.

என் மனைவி கரையோரம் உட்கார்ந்து குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "கண்ணு, கண்ணு" என்று கூப்பிட்ட குரல் மாறியது. நான் திரும்பினேன். குழந்தையின் தலை தொங்கியது. நிமிர்த்தினால் சரிந்தது. குடித்த பாலை அப்படியே கக்கியது. அதன் முகமும் சிவந்திருந்தது. தூங்குகிறது என்று அதுவரை நினைத்திருந்தோம்.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கூட்டத்துக்குள் வந்தாள். எனக்குத் தெரிந்து அவள் அந்நிய ஆம்பளைகள் முன்னால் குரல் உயர்த்தியது கிடையாது.

"இங்க பாருங்க. என்ற புள்ளையுந்தான் தள்ளாடுது. வாந்தி எடுக்குது. எனக்கும் மண்ட வெடிக்குது. நாங்களும் தொறையூர்ல குடிச்சுட்டுத்தான் வந்தமுங்களா?"

தண்ணீர் அடித்த ஆள் செம்பைக் கீழே வைத்தார்.

மளிகைக்காரர், "அப்ப அந்த வாசம்?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

கடைசியாக பஸ்ஸிலிருந்து இறங்கியவர் கம்பளி போர்த்திய ஆள். மாட்டுத் தரகராம், பிறகு சொன்னார். அவர் கூட்டத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். கம்பளியைத் தலையிலிருந்து எடுத்தார்.

"வாசம் எம்மேல இருந்துங்க வருது" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். அருகில் போகவே வேண்டியதில்லை.

"அப்ப உன்னையப் புடிச்சுக் குடுக்கோணும்" என்றார் மளிகைக்காரர்.

"குடுங்க சாமி. ஆனா நானு பஸ் ஓட்டலீங்க."

அந்த இடத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். ஆனால் அந்தத் தரகர் சிரிக்கவில்லை. பேசாமல் கம்பளிக்குள் இருந்திருந்தால் அவரை ஒருவரும் கண்டிருக்கப் போவதில்லை.

கண்டக்டருக்கு அப்போதுதான் உறைத்தது. பஸ்ஸுக்குள் ஏறி, டிரைவர் கால் வைக்கும் பலகையைப் பெயர்த்துப் பார்த்தார். அடியில் போகும் தகரக் குழாய் மூட்டு விட்டிருந்தது. ஜல்லிமேல் ஏறியபோது விட்டதோ, அதற்கு முன்பே விட்டதோ. உலைக் காற்று டிரைவர் காலடியில் ஏறி, படுதா கட்டியிருந்ததால் வெளியே போக வழியில்லாமல், அவரையும் பின்னால் இருந்த என் வீட்டாரையும் பிடித்திருக்கிறது. அதற்கும் பின் சீட்டுகளில் இருந்த எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தரகர் வாசல் காற்றில் தப்பித்தார். புகையா என்றால் கண்ணில் படவில்லை. நெடியா என்றால், கள் வாசத்துக்கு நடுவே எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஆளைக் குடிக்காமலே தள்ளாட வைக்கும் என்று நாமக்கல் ஆஸ்பத்திரியில் சொன்னபோதும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

மளிகைக்காரர் குனிந்து டிரைவரின் கட்டை அவிழ்த்தார். அதே துண்டால் அவருக்கு விசிறினார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கை ஓயாமல் விசிறினார். ஏரிக்காற்று நன்றாக அடித்தது. நானும் குழந்தையைக் காற்றுக்கு எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைமேல் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ. முதலில் கால் விரல் அசைந்தது. அப்புறம் வீறிட்டு அழுதது. குழந்தை அழுவதைக் கேட்டு என் மனைவி சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நிலக்கடலை மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. மூட்டைகளை ஒதுக்கி டிரைவரைப் படுக்க வைத்தார்கள். என் மனைவியும் குழந்தையும் அதிலேயே ஏறினார்கள். நான் பின்னால் நடந்தேன். தரகரும் எங்களோடு புறப்பட்டார். மளிகைக்காரர் அவரைத் தடுத்தார்.

"நீ எங்க வார? நாமக்கல்லுல போலீசு மூக்க அடைச்சுக்கிட்டா நிக்கறான்? வந்த வழியே நடந்து எங்காவது படுத்துக்கெட. வாசம் போனதுக்கு அப்பறம் ஊடு போயிச் சேரு."

தரகர் எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிழக்கே நடந்தார். அதற்குப் பிறகு அவரை நான் கண்டதில்லை.

தை மாதம் அதே பஸ்ஸில் மறுபடி ஏறினேன். அதே டிரைவர். உடம்பு தேறியிருந்தார். படுதாக்களைச் சுருட்டி மேலே கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"சூடமில்லாத சூடங்காட்டுனவரு நீங்கதானுங்களே? உங்க கடன நான்ல தீத்துக்கிட்டு இருக்கறேன். போக வர முனியப்பங்கிட்ட நிறுத்திச் சூடங்கொளுத்தறேன்."

பிறகு அவரே கேட்டார்.

"அன்னிக்கு என்னையக் குடிகாரன்னுதான நெனச்சீங்க?"

"ஆமாங்க" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"நல்லதாப் போச்சு போங்க. நல்லவன்னு நெனச்சிருந்தா உக்காந்தே இருந்திருப்பீங்க. நாமெல்லாரும் ஏரிக்குள்ள போயிருப்போம்."

அந்தப் பேச்சுத்தான் என்னை இன்னமும் குழப்புகிறது. நான் நினைத்தது தப்பு. செய்தது சரி. தப்பாக நினைக்காமல் இருந்திருந்தால் சரியாகச் செய்திருக்க மாட்டேன். ஆனால் அதே தப்பான நினைப்புத்தான் அந்த ஆளின் கையைக் கட்டியது, தலையில் ஒரு அடியும் வாங்கிக் கொடுத்தது. இதில் எதை எடுப்பது, எதை விடுவது? மனைவியிடம் ஒரு தரம் கேட்டேன். "புள்ள பொழச்சுதுல்ல, உடுங்க" என்றாள்.

இப்போது கரி பஸ் இல்லை. அந்தக் குழந்தைக்கும் குழந்தை பிறந்துவிட்டது. வண்டி எதுவானாலும் தள்ளாடினால் வெட்கப்படாமல் எழுந்து நிறுத்தச் சொல்லிவிடுகிறேன். ஏன் தள்ளாடியது என்பதை மட்டும் இறங்கிப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்து சொல்கிறேன், சில சமயம் பார்த்த பிறகும் சொல்வதில்லை.