எட்டுக்கம்பியும் லிஃப்ட் போனும்

என் அண்ணிக்குத் தொழிலில் 'எட்டுக்கம்பி' என்று பெயர். வைத்தவன் அண்ணன், அதுவும் கோபத்தில். கட்டடங்களுக்குள் நெட்வொர்க் கேபிள் இழுப்பதுதான் எங்கள் மூவருக்கும் பிழைப்பு. அந்தக் கேபிளின் தோலை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பிகள் இருக்கும், இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடி. சாதாரண வேகத்துக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். நீலமும் பழுப்பும் சும்மா கிடக்கும். பிறகு எதற்கு அதையும் வைத்துத் தொலைத்தார்கள் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். டெலிபோனும் இதே கேபிளில் போகட்டும் என்று அந்தக் காலத்தில் நீலத்தை விட்டுவைத்தார்கள், இப்போதைய வேகத்துக்கு நாலு ஜோடியுமே வேண்டும் என்றாள் அண்ணி. நாலு அறை கட்டிவிட்டு இரண்டில் குடியிருந்தால் மற்ற இரண்டும் குப்பை போடவா என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

அண்ணன் கட்சி வேறு. சும்மா கிடக்கிற கம்பியில் இன்னொரு கம்ப்யூட்டரை இணைத்துவிடுவான். ஒரு கேபிள் இழுத்த வலியில் இரண்டு இணைப்பு, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அண்ணியோ எட்டையும் வரிசை மாறாமல் பிளக்கில் நுழைத்து அழுத்தாமல் சாப்பிடப் போக மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சண்டைதான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நான்.

அப்படித்தான் ஒரு வாடிக்கையாளர் நெட் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று கேட்டபோது, அண்ணி எல்லார் முன்னாலும் அண்ணனைக் காட்டி, பாதிக் கம்பியை இவர் அடுத்த மேஜைக்குத் தானம் கொடுத்துவிட்டார் என்றாள். அண்ணன் அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினான். ஒரே அறையில் படுத்து எழுந்து, ஒரே வண்டியில் வேலைக்கு வந்து, ஒரு வார்த்தை கிடையாது. உப்பு வேண்டுமென்றால்கூட "அவகிட்ட சொல்லு" என்று என்னைப் பார்ப்பான். அவளும் சளைத்தவள் அல்ல, "உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்பாள்.

இந்த லட்சணத்தில்தான் அந்த அடுக்குமாடி அலுவலகத்துக்குப் போனோம். பழைய கேபிள்கள் எல்லாவற்றிலும் நாலே கம்பிதான் இணைத்திருந்தார்கள். எட்டையும் இணைத்து வேகத்தைக் கூட்ட வேண்டும். உச்சி மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குப் பக்கத்துப் பெட்டியில் ஒரு கேபிளைத் திறந்தபோது, அதன் நீல ஜோடியை மட்டும் யாரோ தனியே பிரித்து, சுவருக்குள் போகிற வேறொரு வயரோடு ஒட்டுப்போட்டிருந்தார்கள். அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"சும்மா யாரும் ஒட்டுப்போட மாட்டான். எங்க போகுதுன்னு பாத்துட்டு வெட்டச் சொல்லு அவள."

அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றாள். இருந்தாலும் என் கடமைக்கு நான் ஒருமுறை சொன்னேன். திருடனுக்குத் திருடன் வக்காலத்தாம் என்று சொல்லச் சொன்னாள். ஆனால் வேலையில் அவள் அலட்சியக்காரி இல்லை. மேனேஜரைக் கூப்பிட்டு இது எந்த போன் லைன் என்று கேட்டாள். தலையைத் தூக்காமலே அவர், இந்தக் கட்டடத்தில் டெலிபோனை எல்லாம் எடுத்து வெகுகாலமாகிறது என்றார். அண்ணி வெட்டினாள். தரைத்தளத்துப் பெட்டியிலும் அதே கேபிளில் ஓர் ஒட்டு இருந்தது, அதையும் வெட்டினாள். எட்டும் உள்ளே போனது, வேகம் பறந்தது. அண்ணனை அவள் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நான் தூது சொல்லத் தேவையே இருக்கவில்லை.

அண்ணன் தோளிலிருந்த பையைக் கழற்றித் தரையில் வைத்தான். மேலே விட்டுவந்த டெஸ்டரை எடுத்து வருவதாக என்னிடம் சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினான்.

போனவன் வரவில்லை. அவன் மொபைல் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. மொட்டை மாடியில் உட்கார்ந்து முறுக்கிக்கொண்டிருப்பான் என்றாள் அண்ணி. லிஃப்ட் நின்றுவிட்டது, அடிக்கடி இப்படித்தான், மெக்கானிக்கிற்குச் சொல்லியிருக்கிறேன் என்று வாட்ச்மேன் சாவகாசமாகச் சொன்னார். நடுவில் ஏதோ மாடியில் சுவரை உடைக்கும் மெஷின் சத்தம் காதைப் பிளந்தது. கேபிள் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்ட அண்ணியின் கை அப்படியே நின்றது. பைக்குள் அண்ணனின் ஆஸ்துமா இன்ஹேலர் கிடந்தது. அது இல்லாமல் அவன் படி ஏறவும் மாட்டான்.

லிஃப்டுக்குள் ஆள் இருக்கிறதா என்று வாட்ச்மேனைக் கேட்டாள்.

"ஆள் இருந்தா இந்நேரம் இது அடிச்சிருக்கும்மா" என்று மேஜையில் இருந்த சிவப்பு போனைத் தட்டினார் அவர். "லிஃப்டுக்குள்ள இருக்கிற போன எடுத்தா இங்க அடிக்கும்."

அண்ணி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். பிணம்போலக் கிடந்தது போன். அதன் வயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். மேஜைக்கு அடியில், சுவரோரமாக, எங்கள் பெட்டிக்குள். அவள் வெட்டிப்போட்ட ஒட்டில் போய் முடிந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

மொபைலில் கூப்பிட்டபோது மெக்கானிக் பாதி வழியில் இருந்தார். தான் வரும்வரை கதவை யாரும் நெம்பக் கூடாது என்றார். உள்ளே இருப்பவன் தட்டினாலாவது கேட்கட்டும் என்று வாட்ச்மேன் உடைப்பு வேலையை நிறுத்தச் சொல்ல ஓடினார்.

"மூச்சு வாங்கினா பயந்துடுவார். பயந்தா இன்னும் அடைக்கும்" என்றாள் அண்ணி. "மேல போ. அங்க வெட்டினத நீ சேர்த்து வை, கீழ நான் சேர்க்கறேன். ஓடு."

ஓடினேன். அந்தப் படிக்கட்டைக் கட்டியவனை ஒவ்வொரு மாடியிலும் வாயார வாழ்த்தினேன். புதுப் பிளக்கை வெட்டி எறிந்து, நீலத்தையும் அதன் ஜோடியையும் பழைய வயரோடு முறுக்கினேன். அவசரத்தில் கம்பி இரண்டு முறை நழுவியது. மீட்டிங் நடுவே லைன் போய்விட்டது என்று மேனேஜர் கத்திக்கொண்டு வந்தார். லிஃப்டுக்குள் என் அண்ணன் இருக்கிறான் என்றேன்.

மொபைலில் அண்ணியிடம் சேர்த்துவிட்டேன் என்றேன். பிறகு அவள் குரல் கேட்டது, ஆனால் பேசியது என்னிடம் இல்லை.

"ஏங்க. கேக்குதா?"

நான் கீழே வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மறுமுனையில் பேச்சில்லை, இழுக்கிற மூச்சும் 'டொக்' என்று தட்டுகிற சத்தமும்தான். அண்ணி திட்டிக்கொண்டிருந்தாள். இன்ஹேலரை மறந்ததற்கு, ஒரு வேலையையும் முழுசாக முடிக்காததற்கு, நாள் கணக்காக வாயைப் பூட்டிக்கொண்டதற்கு. நடுநடுவே, மெதுவா மூச்சு விடுங்க, நான் வெட்டினது தப்பு, கேக்குதா என்பாள். 'டொக்' என்று வரும். மறுபடி திட்டுவாள். அந்தத் திட்டுதான் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. எங்கே நிறுத்திவிடுவாளோ என்று எனக்கே பயமாக இருந்தது.

மெக்கானிக் வந்து, மோட்டாரைக் கையால் சுற்றி, நடு மாடி ஒன்றில் லிஃப்டை நிறுத்தினார். இன்ஹேலரோடு நான் அங்கே நின்றேன். கதவு திறந்தது. அண்ணன் தரையில் சரிந்திருந்தான், உதடு கறுத்திருந்தது, ரிசீவர் மட்டும் காதோடு ஒட்டியிருந்தது. மருந்தை வாயில் வைத்து அழுத்தினேன். ஒருமுறை, இன்னொருமுறை. மெல்ல மெல்ல நெஞ்சு இறங்கி ஏறியது. ரிசீவருக்குள் அண்ணி இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"போன வச்சிட வேணாம்னு... அவகிட்ட சொல்லு."

"நீயே சொல்லு" என்றேன்.

அவன் ரிசீவரை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

"கேக்குது" என்றான்.

கீழே அவள் அழுத சத்தம், போன் இல்லாமலே, படிக்கட்டு வழியாக எங்கள் இருவருக்கும் கேட்டது.