சொல்லாமல் வைத்த போன்

பூதலூர் மாதா கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுத்தேன். சம்பளம் கிடையாது. வருகிறவர்கள் எல்லாம் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கிளம்பி நிற்கும் இளவட்டங்கள். விசா வந்த மறுநாளே இங்கிலீஷும் வந்துவிட வேண்டும் அவர்களுக்கு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அவர்களுக்கு நடுவே, எங்கும் போகப்போகாத ஓர் அக்கா வந்து உட்கார்ந்தார். நடவு, களை என்று வயலே கதியாக இருப்பவர். கணவர் இல்லை. ஒரே மகன் கனடாவில் வேலை பார்த்து, அங்கேயே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். பேத்தியும் பிறந்துவிட்டாள். மருமகளுக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

“எத்தனை நாளைக்கு அவன் நடுவுல நின்னு சொல்லிக்கிட்டிருப்பான்? நானே பேசணும் டீச்சர்” என்றார்.

அவருடைய இலக்கணம் கால் காசு பெறாது. ஆனால் வாய் கூசாது. சீக்கிரமே மகன் இல்லாத நேரத்திலும் மருமகளோடு பேச ஆரம்பித்துவிட்டார். அங்கே பனி, இங்கே மழை, இன்றைக்கு என்ன குழம்பு, அவ்வளவுதான். பேத்தி ‘பை பை’ சொல்ல ஆரம்பித்தால் ஓயாது. போனை வைப்பதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். அந்தப் பெண் சிரிப்பது பக்கத்தில் இருக்கும் எனக்கே கேட்கும்.

அந்த மகன் ஒரு கார் விபத்தில் செத்துப்போனான். விசா வாங்கிப் போய்ச்சேர நேரமில்லை. அடக்கம் அங்கேயே நடந்தது. பெற்றவள் கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

துக்கம் கேட்க நான் போயிருந்தபோது மருமகளின் போன் வந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அடங்கினார்கள். சாப்பிடு, குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கு, நான் உன் அம்மா என்று அக்கா துண்டு துண்டான இங்கிலீஷில் சொன்னார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள். அழுகை கொஞ்சம் ஓய்ந்ததும், அக்கா ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டார்.

சாவு வீட்டில் ‘போயிட்டு வரேன்’ என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அன்று நானும் அப்படித்தான் எழுந்து வந்தேன். அவர் போனை வைத்ததில் எனக்கும் எந்தத் தப்பும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மருமகள் கூப்பிடவில்லை. இவர் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. ஆறட்டும், பிறகு பேசலாம் என்று அக்கா காத்திருந்தார். கொஞ்ச நாளில் அந்த நம்பரே இல்லாமல் போயிற்று.

மகனோடு வேலை பார்த்த தஞ்சாவூர்க்காரர் ஒருவர் லீவில் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. விபத்து நடந்த அன்று அவனைக் கடைக்கு அனுப்பியது தான்தானே என்று அந்தப் பெண் ஏற்கெனவே மனதுக்குள் வெந்துகொண்டிருந்தாளாம். மாமியார் பாதியில் போனை வைத்ததும், ‘என்னால்தான் மகன் போனான் என்று நினைக்கிறார், என் குரலைக் கேட்கவே அவருக்குப் பிடிக்கவில்லை’ என்று முடிவுகட்டிவிட்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு எங்கோ போய்விட்டாள். எந்த ஊர் என்று அந்தத் தஞ்சாவூர்க்காரருக்கும் தெரியவில்லை.

அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: “அதுவும் எழவு வீடுதானே டீச்சர்? அங்க எப்படி பை பைன்னு சொல்லுவேன்?”

அந்தப் பெண்மீது கோபப்படலாம் என்று பார்த்தால், அவளும் பாவம்தான்.

அடுத்த ஞாயிறு அக்கா வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. தேடிக்கொண்டு போனேன். வயலில் களையெடுத்துக்கொண்டிருந்தவர், வாய்க்காலில் கையைக் கழுவிவிட்டு வரப்புக்கு வந்தார். படிக்க வேண்டாம், சும்மா வந்து எங்களோடு உட்காருங்கள் அக்கா என்றேன்.

“இனிமே இங்கிலீஷ்ல எனக்கு யாரு டீச்சர் இருக்கா?” என்றார்.