பழஞ்சாக்கில் பிள்ளையார், உடைந்த வளையலில் அம்மன்

ஊரார் தூக்கி எறிந்ததை ஒட்டிச் சாமி படம் செய்கிற தொழிலில், பசை காயுமுன்னே யாராவது வந்து பயமுறுத்திவிட்டுப் போவார்கள். வீட்டுக்குள்ளேயே தொழில் வைத்திருக்கிறவர்களுக்கு நான் படும் பாடு புரியும். கிழிந்த சாக்கு, தேயிலைப் பெட்டிக்குள் வரும் ஈயத்தாள், சோடா மூடி, ஜீப்பு டியூப்பு, இதெல்லாம்தான் எனக்கு வர்ணம். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. எமர்ஜென்சி முடிந்த சமயம் அது. போடியில் இந்த வேலைக்கு ஒரு பெயர் கிடையாது. எனக்கு மட்டும் வைத்துவிட்டார்கள், குப்பைக்காரி என்று. கேட்டுச் சிரித்துக்கொண்டு போவேன். மகள் ஈசுவரிக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த பிறகு சிரிப்பு வரவில்லை. குப்பைக்காரி மகளை எவன் கட்டுவான்?

சாக்கு வாசம்

என் வீட்டுக்காரர் மலை ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பு ஓட்டினார். ஒருநாள் நானும் கூடப் போய், தோட்டத்தில் வேண்டாமென்று போட்ட சாக்குகளை அள்ளிக்கொண்டு இறங்கினேன். போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். மலைச் சாக்கு கந்தலானாலும் ஏலக்காய் வாசம் விடாது. மூக்கை வைத்த காவல்காரருக்கு முகமே மாறிப்போனது. திருட்டு ஏலக்காய் கடத்துகிறோம் என்று நினைத்துவிட்டார்.

ஒவ்வொரு சாக்காக உதறச் சொன்னார். பெண் கேட்டு வருகிற நேரத்தில் ‘இவங்க ஜீப்பைப் பிடிச்சுட்டாங்களாம்’ என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதாதா? நல்லவேளை, தூசியைத் தவிர ஒன்றும் விழவில்லை. இதை வைத்துச் சாமி படம் செய்வேன் என்றேன். அவர் தும்மிக்கொண்டே வீட்டுக்காரரிடம் சொன்னார்: “அண்ணே, காயைக் கடத்துனா கேசு எழுதலாம். இதை என்னன்னு எழுதுறது? வெரசா கூட்டிட்டுப் போங்க.”

வெடித்த காய்

ஏலக்காய்க் கடை முதலாளி ஒருவர் கடைக்குப் பிள்ளையார் படம் கேட்டார். ஈசுவரிக்குப் பக்கத்து ஊரான தேவாரத்துப் பையனைப் பேசிக்கொண்டிருந்ததும் அவர்தான். அதனால் கூடுதல் பயத்தோடு செய்தேன். உடம்புக்குச் சாக்கு, கண்ணுக்கு டியூப்பு, தும்பிக்கை முழுக்க, தரம் பிரிக்கிற பெண்கள் ஒதுக்கிப்போட்ட வெடித்த ஏலக்காய்.

கும்பிடப் போனவரின் கை பாதியில் நின்றது. தும்பிக்கையிலிருந்து ஒரு காயைப் பிய்த்தார். முகர்ந்தார். உள்ளங்கையில் உருட்டினார். சாமி மேல் இருந்தாலும் காய் காய்தான். தரம் பார்க்காமல் ஏலக்காய் வியாபாரிகள் கை சும்மா இருக்காது. அது எனக்குத் தோன்றாமல் போயிற்று. சம்பந்தமும் இதோடு போச்சு என்று நின்றேன். அவர் காயை என்னிடமே கொடுத்தார்: “ஆத்தா, சாமிக்கே வெடிச்ச காய்னா மூட்டைக்குள்ள என்ன இருக்கும்னு வர்ற வியாபாரி நெனைக்க மாட்டானா? நல்ல காய் நான் தர்றேன், தும்பிக்கையை மட்டும் மாத்திக் கொண்டா. வெள்ளிக்கிழமை தேவாரத்துக்காரங்க வர்றாங்க.”

ஒளிக்க இடமில்லை

வியாழக்கிழமை முழுக்க வீட்டை ஒழித்தோம். சாக்கு கொல்லைக்குப் போனது, சோடா மூடி கட்டிலுக்கடியில் போனது. ஒன்றை மட்டும் அசைக்க முடியவில்லை. வளையல் கடைக்காகச் செய்துகொண்டிருந்த அம்மன், சுவர் உயரம், பசை ஈரம். முகம், சேலை எல்லாம் உடைந்த கண்ணாடி வளையல். வளையலை உடைப்பது தாலி இறக்குகிற வீட்டில்தான். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் அதுவா படவேண்டும்?

கைக்குக் கிடைத்த சேலையைக் கொடிகட்டி அம்மனுக்கு முன்னால் தொங்கவிட்டேன். ஈசுவரி வந்து பார்த்தாள்: “ஏம்மா, அவங்களுக்கு என்னையக் காட்டப்போறியா, சேலையக் காட்டப்போறியா? நாளைக்கு நான் கட்டுறதுக்கு வச்சிருந்ததே அது ஒண்ணுதான்.”

வாசலில் நின்றவர்

மாப்பிள்ளை, அவர் அம்மா, பெரியம்மா மூவரும் வந்தார்கள். பெரியம்மா புருசனை இழந்தவர். நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாதென்று படிக்கு வெளியிலேயே ஒதுங்கிக்கொண்டார். பையனை வளர்த்ததே அவர்தான், அவர் சொல்லைத் தாண்டமாட்டான் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஈசுவரி காப்பித் தட்டோடு வரவும், சேலைக்குப் பதிலாக மாட்டியிருந்த பழைய போர்வை நழுவி விழவும் சரியாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “யாரு கை வளவி இது?” என்றார். “யாரு கையிலயும் ஏறலை தாயி. கடைக்கு வந்த பெட்டியிலேயே உடைஞ்சது” என்றேன். அவர் வாசலைப் பார்த்தார். பெரியம்மா படியேறி உள்ளே வந்தார். அம்மனின் தோள் பக்கம் விரலை வைத்து, ஒரு பச்சை வளையல் துண்டைக் கொஞ்சநேரம் தடவிக்கொண்டே நின்றார். பிறகு தங்கச்சியிடம் சொன்னார்: “என் வளவிய உடைச்சுக் குப்பைமேட்டுலதான் போட்டாங்க. அன்னைக்கு இவுக நம்ம தெருவுல இருந்திருந்தா, நானும் இப்படி ஒரு சேலைக் கரையில மினுங்கிக்கிட்டு இருப்பேன். பொண்ணை முடிச்சிருவோம். காப்பி ஆறுது, குடி.”

கல்யாணம் நல்லபடியாக முடிந்தும் எனக்கு நிம்மதி மட்டும் வாய்க்கவில்லை, ஏனென்றால் தேவாரத்தில் எந்த வீட்டில் எது உடைந்தாலும் பெரியம்மா அதைக் கூடையில் போட்டு, என் பெயரைச் சொல்லிப் போடி பஸ்சில் ஏற்றிவிடுகிறார்.