குதிரைப் பனிவண்டியும் மச்சாளும்

எழுபதுகளின் நடுவில் கல்யாணம் முடித்து மூன்றே வாரத்தில் என் கணவர் மெல்பேர்னுக்குத் திரும்பிவிட்டார். நான் யாழ்ப்பாணத்தில் விசாவுக்காகக் காத்திருந்தேன். அப்போது எழுதிய ஒரு கடிதத்தில், இங்கே மலையில் பனி விழும், குதிரை இழுக்கிற சறுக்கு வண்டி ஓடும், முதல் குளிருக்கே உம்மை அதில் ஏற்றிக்கொண்டு போவேன் என்றிருந்தார். சில்லு இல்லாமல் பனியில் வழுக்கிக்கொண்டே ஓடுகிற வண்டியாம். அந்தக் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பனியைப் பற்றி எனக்கு ஒரு அக்கறையும் இருக்கவில்லை. அந்த வண்டியில் அவருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

நான் வந்து ஏழாம் மாதம் அந்தப் பயணத்துக்கு நாள் குறித்தோம். அதற்கு மூன்று வாரம் முன்னால் மச்சாள் வந்து இறங்கினாள்.

அவருடைய சொந்த மாமன் மகள். மேல்படிப்புக்கு வந்தவள். சிறுவயதிலேயே இரண்டு பேருக்கும் கல்யாணம் என்று பேசி வைத்தது. சாதகம் பொருந்தாததால்தான் நடக்கவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. செவ்வாய்தான் வேண்டாம் என்றது. இதை எனக்குச் சொன்னவர் மாமியார், அதுவும் கல்யாணத்துக்கு மறுநாள், ஒரு பெருமூச்சோடு. அன்றிலிருந்து வானத்தில் இருக்கிற ஒரு கிரகத்தை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறேன் என்று எனக்கு ஒரு எண்ணம்.

ஒரு சனிக்கிழமை விடிய, மூன்று தமிழ்க் குடும்பமாக மூன்று காரில் புறப்பட்டோம். "மலை வளைவில எனக்குத் தலை சுத்தும் அத்தான்" என்றாள் மச்சாள். உடனே முன் ஆசனம் அவளுக்குப் போய்விட்டது. நான் பின்னால், மடியில் புட்டுச் சட்டியோடு. வழி முழுக்க அவர்கள் சின்ன வயதுக் கதை. யாரோ சைக்கிளோடு கிணற்றுக்கட்டில் மோதிய கதைக்கு இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். தலைசுற்று எங்கே போனதோ தெரியாது.

மலையடிவாரத்தில், பனியில் வழுக்காமலிருக்க டயருக்குச் சங்கிலி கட்டவேண்டும். அவர் சேற்றில் முழங்காலூன்றிக் கட்டிக்கொண்டிருந்தார். மழை தூறியது. குடை பிடிப்போம் என்று சட்டியை இறக்கி வைத்துவிட்டு நான் கதவைத் திறந்தபோது, மச்சாள் குடையோடு நின்றாள். அந்தக் குடையும் என்னுடையதுதான்.

மேலே போனால் எங்கு பார்த்தாலும் வெள்ளை. நான் சேலைக்கு மேல் பழைய உடுப்புக் கடையில் வாங்கிய நீளக் கோட்டும், காலில் ரப்பர் பூட்சுமாக நின்றேன். மச்சாள் கால்சட்டை போட்டிருந்தாள். அவளுக்கு அது வடிவாக இருந்தது. வடிவில்லாமல் இருந்திருந்தால் நான் இவ்வளவு வயிறெரிந்திருக்கமாட்டேன்.

பனிவண்டி வந்து நின்றது. இரண்டு பெரிய குதிரைகள், முதுகிலிருந்து ஆவி எழும்பியது, கழுத்தில் மணி. ஒரு தரத்துக்கு நாலு பேர்தான் ஏறலாம். வரிசையில் நின்றபோது என் விரல் விறைத்துப்போனதைப் பார்த்து, "உம்மட கையுறை காரிலயெல்லே கிடக்கு, எடுத்துக்கொண்டு வாரும்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். நான் பனியில் புதைந்து புதைந்து போய் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், வண்டி நிறைந்திருந்தது. முன்னால் இரண்டு வெள்ளைக்காரர், பின்னால் அவரும் மச்சாளும். வண்டிக்காரன் இன்னும் இரண்டு பேர் என்று கூப்பிட்டிருப்பான், மச்சாள் ஏறியிருப்பாள், இவரும் யோசிக்காமல் ஏறியிருப்பார்.

வண்டிக்காரன் கடிவாளத்தைத் தூக்கினான்.

"இஞ்சாருங்கோ" என்று கத்தினேன்.

எங்கள் பக்கத்தில் பெண்சாதி புருஷனின் பெயரைச் சொல்வதில்லை. தபால்காரர் வந்து கேட்டாலும் அம்மா எங்களைக் கூப்பிட்டுத்தான் அப்பாவின் பெயரைச் சொல்லவைப்பா. நானும் ஏழு மாதமாக டெலிபோனில்கூட "அவர் இல்லை" என்றுதான் சொல்லிவந்தேன். இந்த இஞ்சாருங்கோவுக்கு வரிசையில் நின்ற மற்ற இரண்டு தமிழ்க் கணவன்மாரும் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். என்னுடையவர் திரும்பவில்லை. மச்சாளுக்கு அத்தான் என்று ஒரு சொல் இருந்தது. ஆயிரம் பேருக்கு நடுவில் கூப்பிட்டாலும் அது அவரிடம்தான் போய்ச் சேரும். சொந்தத்துக்கு வெளியிலிருந்து வந்த எனக்கு அந்த உரிமை இல்லை. ஊரில் எல்லாப் புருஷன்மாருக்கும் பொதுவான கூப்பாடுதான் எனக்கு.

மணி குலுங்கியது. வண்டி அசைந்தது. "அத்தான், பிடியுங்கோ" என்று அவள் சிரிப்பது கேட்டது.

நான் அவருடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன். வீட்டுப் பெயரல்ல, பாஸ்போர்ட்டில் இருக்கிற முழுப்பெயர். எங்களோடு வந்த அன்ரி ஒருவர் வாயில் கையை வைத்தார். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவர் ஊற்றுவதை நிறுத்தினார். என்னுடையவர் திரும்பினார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்லி வண்டியை நிறுத்தி இறங்கினார். கால் முழங்கால்வரை பனியில் புதைந்தது. அவர் இருந்த இடத்தில் வேறு யாரோ ஏற, மச்சாள் கையசைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வண்டியில் நாங்கள் ஏறினோம். முழங்காலுக்கு மேல் ஒரு கம்பளி தந்தார்கள். நான் ஆசைப்பட்ட இடத்தில், ஆசைப்பட்டபடி இருந்தேன். அவர் கால்சட்டையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிவிட்டார்.

"பேர் சொல்லிப்போட்டீர்" என்றார் பிறகு.

"ஓம்."

"மச்சாள்கூட ஒருநாளும் என்ர பேர் சொன்னதில்லை." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னை நினைத்துப் பெருமைப்பட்டுத்தான் சொல்லியிருப்பார்.

நான் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "இப்ப இதில நான் இருக்க, கீழ நிண்டு அவள் கூப்பிட்டிருந்தா இறங்கியிருப்பியளோ?" என்று கேட்டேன்.

இல்லை என்றுதான் சொன்னார். ஆனால் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்தார்.