ப்ராக்ஸி வைத்திருந்த பழைய பக்கம்

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், கணினிப் பிரிவுக்காரர் எங்களுக்கு ஒரு வகுப்பெடுத்தார். கர்நாடக எல்லையோரத் தளிப் பக்கத்துக்காரர், தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். அவர் பேசப் பேச, எல்லாமே என்னைக் குறிவைத்துச் சொல்வதாகப் பட்டது.

காரணம் உண்டு. எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு கம்பெனி ஆள் எடுக்கப்போகிறது. நேர்காணல் தேதியை இணையதளத்தில் போடுவார்கள். வாரக்கணக்காக அந்தப் பக்கத்தை ஆபீஸ் கணினியில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ‘தேதி பின்னர் அறிவிக்கப்படும்’ என்றே இருந்தது. கைபேசியை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டில் பார்க்கலாமென்றால், மனைவிக்குத் தெரிவது அவள் தம்பிக்கும் தெரியும். அவன் எங்கள் ஸ்டோர்ஸில்தான் இருக்கிறான். ஐம்பதை நெருங்குகிறவன் வேலை தேடுகிறான் என்பது, வேலை கிடைக்கும்வரை வெளியே வரக்கூடாத செய்தி.

“ஃபயர்வால்னா நம்ம கேட் செக்யூரிட்டிங்க,” என்றார். “யாரு உள்ள வரலாம், யாரு வெளிய போலாம்னு பாக்கறது. ப்ராக்ஸி, எல்லாருக்கும் டீ வாங்கியார்ற ஆளு. கடைக்காரருக்கு அவரு மொகந்தான் தெரியும். ஆனா யாரு என்ன கேட்டாங்கன்னு அவருக்குத் தெரியும்.”

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார். அல்லது எனக்குப் பின்னாலிருந்த கடிகாரத்தைப் பார்த்து.

“கேஷ்னா காசு இல்ல, அவரு கையில இருக்கற ஃபிளாஸ்க்குங்க. ஒரே டீய அடிக்கடி கேட்டா, கடைக்குப் போகாம அதுலருந்தே ஊத்திருவாரு.”

“காலைல வாங்குனதா இருந்தா?” என்று கேட்டேன்.

“காலைல டீதான் வரும்.”

நான் பார்த்துக்கொண்டிருந்ததும் காலை டீதானோ? வகுப்பு முடிந்ததும் அவரை ஓரங்கட்டி, ஒரு நண்பருக்காகக் கேட்பதாக ஆரம்பித்து, அந்த இணையதளத்தின் பெயரைச் சொன்னேன்.

“அட, அந்தப் பக்கமா. உங்க நண்பருங்க இங்க நெறைய பேரு இருக்காங்க சார். அதான் ஃபிளாஸ்க்குலயே நின்னுட்டுது.” ஏதோ தட்டினார். “ஆய்த்து சார். இப்பத் தொறங்க.”

நேர்காணல் மறுநாள் காலை. அறிவிப்பு போட்டு ஒரு வாரமாகியிருந்தது. நெறைய பேர் என்றால் யார் யார்? வரிசையாக மேசைகளில் குனிந்திருந்த எல்லாத் தலைகளும் வேலை தேடும் தலைகளாகத் தெரிந்தன.

நேரே மேலாளரிடம் போய், பல்வலி, நாளைக்கு லீவு வேண்டும் என்றேன்.

“நாளைக்கா? நாளைக்கு நானே லீவுப்பா.”

“என்ன சார் ஆச்சு?”

“பல்லு.”

ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“ரெண்டு பேரும் ஒண்ணாப் போனா லைன் நின்னுரும்,” என்றார். “நீ ஒரு நாள் பொறுத்துக்க. உப்புத்தண்ணி வச்சுக் கொப்புளி.”

மறுநாள் அவர் வேலையையும் சேர்த்து நானே பார்த்தேன். அத்திப்பள்ளிக் கதவு எனக்கு அத்தோடு சாத்தப்பட்டது. அதற்கடுத்த நாள் திரும்பி வந்தவரிடம், வலி எப்படி சார் என்று விசாரித்தேன்.

“எங்க போச்சு,” என்றார், நாற்காலியில் சாய்ந்தபடி. “வயசு கம்மியான பல்லாப் பாத்துத்தான் எடுத்துக்கறாங்க.”