துரையின் தொப்பிக்கு நீலம்

துரை கப்பலேறிய அன்று, ஜெட்டி என்கிற கப்பல்துறையில், கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று இப்போதும் எண்ணிச் சொல்வேன். கவர்னர் துரை, துரைசானி, வாள் கட்டிய இளம் அதிகாரி ஒருவர், பேண்டுக்காரர்கள் பன்னிரண்டு பேர். எங்கள் பக்கம் மூன்றே பேர்: மாளிகையின் பெரிய பட்லர், மாளிகைச் சலவைக்காரனான நான், எனக்குக் கைகொடுக்கும் மச்சான்.

துரை பெரிய பிரபு குடும்பம். சின்ன வயதில் குதிரைப்படை, பிறகு எங்கோ ஒரு தீவில் அதிகாரம், அப்புறம் ரங்கூனில் கவர்னர். இதெல்லாம் பட்லர் சொன்னது. மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான்; எனக்கு அவர் துணிதான் தெரியும். வந்த வருடம் காலரெல்லாம் கழுத்தை இறுக்கியதில் படிந்த வேர்வை மஞ்சளோடு வந்தன. அடுத்த வருடம் கால்சட்டை இடுப்பை இரண்டு விரல் பிடித்துத் தைத்தார்கள். மூன்றாம் வருடம் கைக்குட்டைகளில் சிவப்புப் புள்ளிகள். வெற்றிலைச் சாறு என்று நினைத்தேன். துரை வெற்றிலை போடுவாரா?

“நீ ஒண்ணும் பார்க்கலை. கல்லுல அடி, காயப் போடு,” என்றார் பட்லர்.

பிறகுதான், பதவிக்காலம் முடியுமுன்னே துரை சீமைக்குப் போகிறார் என்று செய்தி வந்தது.

போகிற துரை வேலைக்காரர் ஒவ்வொருவருக்கும், இவன் நல்லவன், நம்பலாம் என்று கையெழுத்துப் போட்டு, சிட்டு என்று ஒரு சீட்டுக் கொடுப்பது வழக்கம். அதைக் காட்டினால்தான் வருகிற துரை வைத்துக்கொள்வார். இல்லாவிட்டால் வேலையும் போகும், மாளிகைக்குப் பின்னால் நாங்கள் இருந்த அறையும் போகும். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். சிட்டுகள் பட்லரிடம் வந்துவிட்டன. கப்பல் கிளம்பியதும் தருகிறேன் என்றிருந்தார்.

முந்தின நாள் துரையின் விழாத் தொப்பி என்னிடம் வந்தது. உச்சியில் வெள்ளை இறகுக் குஞ்சம், பழுப்பேறிக் கிடந்தது. சுத்தம் பண்ணு என்பதுதான் உத்தரவு. வெள்ளை என்றால் எங்கள் கை தானாக நீலத்துக்குப் போய்விடும். சட்டை, மேஜை விரிப்பு, திரை எல்லாவற்றுக்கும் கடைசி அலசலில் நீலம். இறகையும் முக்கிவிட்டேன். துணி மாதிரி அது நீலத்தைக் குடிக்கவில்லை. காய்ந்தபின் பார்க்கப் பளீரென்றுதான் இருந்தது.

“என்னா வெளுப்பு மச்சான்! கொக்கே வெக்கப்படும்,” என்றான் மச்சான்.

தொட்டுப் பார்த்தேன். விரல் நுனியில் நீலப் பொடி. மறுபடி அலசினால் காலைக்குள் காயாது. விட்டுவிட்டேன். தூக்கம் வரவில்லை.

மழை பிடிக்கிற மாதம். ஜெட்டியில் நிற்கும்போதே அக்கரையில் மேகம் கருத்து ஆற்றின்மேல் இறங்கியது.

“மழை வராதில்ல?” என்றேன் மச்சானிடம்.

“வந்தா நனையப் போறது துரை. நீ ஏன் நடுங்குற?”

முதல் துளி பேண்டு மேளத்தில் விழுந்தது. குடை பிடிக்க வந்த பட்லரைத் துரை கையசைத்து விலக்கினார். பாட்டு முடியும்வரை விறைப்பாக நின்றார்; பிரபு அல்லவா. குஞ்சத்திலிருந்து ஒரு நீலக் கோடு நெற்றியில் இறங்கியது. பிறகு கன்னத்தில். பிறகு வெள்ளைக் கோட்டின் தோளில். துரைக்கு இருமல் வந்தது. கைக்குட்டையால் வாயையும் கன்னத்தையும் துடைத்தார். அதில் நீலமும் இருந்தது, சிவப்பும் இருந்தது. அதையே சற்று நேரம் பார்த்தார். வாள் கட்டியவர் எங்கள் பக்கம் திரும்பினார். துரை அவரிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்.

“துரை என்னாண்ணே சொன்னாரு?” என்று பட்லரைக் கேட்டேன்.

“தொப்பியும் போச்சு, கோட்டும் போச்சாம். நாப்பது ரூபா. உன் தலையிலதான்.”

“அவரு அவ்வளவு நேரம் பேசலியேண்ணே.”

“இங்கிலீசுல சுருக்கமாத்தான் இருக்கும். கட்டி முடி, சிட்டு தர்றேன்.”

எனக்கு மாதச் சம்பளம் பதினைந்து. புதுத் துரை வந்துவிட்டார். சிட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இன்று கேட்பார்கள், நாளைக்குக் கேட்பார்கள் என்று மாளிகை மணி அடிக்கும்போதெல்லாம் துவைப்பதை நிறுத்திக் காது கொடுப்பேன். மழைக்காலம் ஓய்வதற்குள் பழைய துரை சீமையில் இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. இனி எழுதிக் கேட்டு வேறு சிட்டு வாங்கவும் ஆளில்லை. கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று பட்லர் முன்னால் போய் நின்றேன்.

“செத்தவர் கையெழுத்துக்கு விலை ஏறத்தான்டா செய்யும். போ.”

அதுவரை கட்டியது பதினெட்டு ரூபாய். பாக்கி இருபத்திரண்டு.